சித்திரை ஒன்றுக்குப் பங்குனியிலேயே வேலை

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். பொங்கலுக்கு மார்கழியிலேயே வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். சித்திரை முதல் நாளுக்கு மட்டும் பல வீடுகளில் அன்று காலை எழுந்த பிறகுதான் மாங்காய் வாங்க ஆள் அனுப்புகிறார்கள். கோவை வட்டாரத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கமும் 'சித்திரைக்கனி' பார்க்கும் வீடுகளில் அப்படி இருக்க முடியாது. அன்று கண் திறக்கும்போதே கண்ணாடி, பழம், பூ, நகை எல்லாம் எதிரில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம். அதனால் இந்தப் பண்டிகையின் முக்கால்வாசி வேலை பங்குனியில் முடிந்துவிடும். கனி வைக்காத வீடுகளும் இந்தக் கணக்கைப் பின்பற்றினால் அன்றைய காலை நிதானமாகப் போகும்.

முதலில் தேதி. பெரும்பாலும் ஏப்ரல் 14. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே சித்திரை 1; அஸ்தமனத்துக்குப் பின் வந்தால் மறுநாள். இது தமிழ்நாட்டுக் கணக்கு. கேரளத்தில் பிரிக்கும் நேரம் வேறு என்பதால் சில ஆண்டுகளில் விஷு ஒரு நாள் தள்ளிப் போகும். 2023-ல் இங்கே 14, அங்கே 15. எல்லைப்புற ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் கனி வைக்கும் நாளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஒரு வீட்டில் கொன்றைப்பூ வாடிய பிறகுதான் மற்ற வீட்டில் கனியே வைப்பார்கள்.

பங்குனி நடுவிலேயே தொடங்க வேண்டியது வேப்பம்பூ. மரம் பூத்துக் கொட்டும் காலம் அதுதான். மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, பழைய வேட்டியோ சேலையோ இரவே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். விடிந்ததும், வெயில் ஏறும் முன், விழுந்த பூவை அள்ள வேண்டும். கிளையை ஒடித்து உருவினால் பூவோடு மொட்டும் காம்பும் சேர்ந்து வரும். கசப்பு தாறுமாறாக ஏறுவதற்கு அதுதான் முதல் காரணம். சாலையோர மரத்தடிப் பூ தூசியும் புகையும் படிந்தது, வேண்டாம். அள்ளியதை முறத்தில் போட்டு லேசாகப் புடைத்துக் காம்பையும் சருகையும் நீக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் பூ கருத்து மணமும் போய்விடும். கையில் எடுத்தால் சலசலவென்று உதிர வேண்டும். துவண்டு கிடந்தால் ஈரம் இருக்கிறது, பாட்டிலில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். கைகொள்ளாமல் அள்ளிய பூ காய்ந்த பிறகு கால்வாசியாகச் சுருங்கிவிடும், அதற்கேற்ப அள்ள வேண்டும்.

அடுத்தது சில்லறை. பெரியவர்கள் சிறியவர்களுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் எல்லா வட்டாரத்திலும் ஏதோ ஒரு பெயரில் உண்டு. நாஞ்சில் நாட்டில் அதைக் கைநீட்டம் என்பார்கள். ஏப்ரல் 1 வங்கிகளுக்குக் கணக்கு முடிக்கும் நாள், 14 விடுமுறை, நடுவில் ஞாயிறும் இரண்டாம் சனியும் வரும். புது நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

விளக்கும் தாம்பாளமும் துலக்குவதற்கு இரண்டு நாள் முன்பு போதும். பித்தளைக்குப் புளியும் கல் உப்பும். தேய்த்துக் கழுவியதும் தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால் மறுநாள் சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும்; காய்ந்த துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். வெள்ளிக்குப் புளி வேண்டாம், திருநீறு போதும். ஒரு வாரம் முன்பே துலக்கி வைத்தால் பண்டிகையன்று பித்தளை மங்கிப்போயிருக்கும்.

இனி கனி. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். பொதுவாக எங்கும் இருப்பவை: கண்ணாடி, மா-பலா-வாழை முக்கனி, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, நகை, நாணயம், பச்சரிசி, பருப்பு, புதுப் பஞ்சாங்கம். தெற்கே படி நிறைய நெல்லோ அரிசியோ வைத்து நிறைநாழி என்பார்கள். கொன்றை மரம் கிடைக்கும் இடங்களில் சரக்கொன்றை கட்டாயம். இத்தனையையும் வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, எல்லாவற்றையும் அதன் முன் குவித்துவிட்டுப் படுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். காலையில் பார்த்தால் கண்ணாடியில் கூரைதான் தெரியும்.

வைக்கும் முறை இதுதான். பூஜையறையிலோ கூடத்திலோ கிழக்குச் சுவர்ப் பக்கம் மணைப்பலகை போட்டுக் கோலமிட்டு, அதன் மேல் தாம்பாளம். கண்ணாடி கீறலோ ரசம் போன திட்டோ இல்லாததாக, குறைந்தது ஒரு அடி உயரமாக இருக்கட்டும். தாம்பாளத்துக்குப் பின்னால் அதை நிறுத்தி, அடியில் மடித்த துணியும் முன்பக்கம் நிறைநாழியோ தேங்காயோ முட்டுக் கொடுத்தால் நழுவாது. பிறகு மூன்றடி தள்ளி, மறுநாள் பார்ப்பவர் எப்படி உட்காருவாரோ அப்படியே தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகமும் பழக்குவியலும் சேர்ந்து கண்ணாடியில் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உயரத்துக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாவிட்டால் சாய்வைக் கொஞ்சம் குறைத்தால் போதும். விளக்கு தாம்பாளத்தின் இரு பக்கமும், கண்ணாடியை விடச் சற்று முன்னால் தள்ளி இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் பார்ப்பவர் கண்ணில் அடிக்கும், முகம் இருட்டாகத் தெரியும்.

இரவெல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்பது சில வீடுகளில் வழக்கம். பூவும் பட்டுத்துணியும் பக்கத்தில் இருக்கும்போது ஆள் தூங்கிவிட்டு விளக்கை எரிய விடுவது ஆபத்து. கொன்றை இதழ் உதிர்ந்து திரியில் விழும். எலி திரியை இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு எல்லாம் தயாராக வைத்து, முதலில் எழுபவர் ஏற்றுவதே நல்லது. வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் சுற்றிலும் ஒரு முழத்துக்குப் பூவோ துணியோ இல்லாமல், அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் விளக்கை வைக்கலாம்.

பழம் வாங்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. நன்றாகப் பழுத்த ரஸ்தாளிச் சீப்பு இரவு வெப்பத்தில் காம்பு விட்டு ஒவ்வொன்றாக உதிரும்; லேசாகப் பச்சை ஓடிய சீப்பாக வாங்கினால் காலையில் சரியாக இருக்கும். முழுப் பலா வைக்க இடமும் இல்லை, சாப்பிட ஆளும் இல்லை என்று நகரத்தில் கீற்றாக வாங்குகிறார்கள். அதை இரவே வைத்தால் விடியும்போது கூடம் முழுக்க ஈ. வாழையிலையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, விளக்கேற்றும்போது எடுத்து வைத்தால் போதும். எறும்புக்கு மணைப்பலகையைச் சுற்றி மஞ்சள்தூள் தூவுவார்கள். அதைவிட உறுதியானது, தாம்பாளத்தை ஒரு முக்காலியில் ஏற்றி, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது.

கொன்றை மிக மென்மையான பூ. காலையில் பறித்தது மாலைக்குள் துவளும். முந்தைய நாள் சாயங்காலம் சரத்தோடு ஒடித்து, காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத்துணி போட்டு இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். பாதி மொட்டாக இருக்கும் சரம் நல்லது. முழுதும் மலர்ந்தது தூக்கும்போதே கொட்டும்.

நகையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடிக்குச் சங்கிலி சாத்துவதும், அரிசி மேல் மோதிரமும் காசும் வைப்பதும் அழகுதான். ஆனால் மறுநாள் பூவை அள்ளிக் குப்பையில் போடும்போது மோதிரமும் கூடவே போகும். கம்மல் அரிசிக்குள் இறங்கி அரிசி டப்பாவுக்குப் போகும். வைக்கும்போதே எத்தனை உருப்படி என்று ஒரு சீட்டில் எழுதிப் பஞ்சாங்கத்துக்குள் வைக்க வேண்டும். எடுக்கும்போது நகையும் காசும் முதலில், பூ கடைசியில். தெருவைப் பார்த்த சன்னலுக்கு நேராகக் கனி வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காலையில் வீட்டின் மூத்த பெண்மணி முதலில் எழுந்து விளக்கேற்றிக் கனி பார்ப்பார். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, கண்ணைப் பொத்தி அழைத்து வருவார். நடக்கும் வழியில் பாய், கொசுவலைக் கம்பி, தண்ணீர்க் குடம் எதுவும் கிடக்கக் கூடாது. வாசற்படியில் கால் இடறி, கனிக்கு முன்பே தரையைப் பார்த்தவர்கள் ஏராளம். எழ முடியாத பெரியவர்கள் இருந்தால் பெரிய தாம்பாளத்தைத் தூக்க முயல வேண்டாம். கைக்கண்ணாடி, ஒரு மாம்பழம், பூ, ஒரு நாணயம் வைத்த சிறு தட்டு ஒன்றை முந்தைய இரவே தனியாகத் தயார் செய்தால் படுக்கைக்கே கொண்டுபோகலாம்.

வாசலுக்கு மாக்கோலம். ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, தோசை மாவைவிடத் தளரக் கரைத்தால் நடுத்தரக் கோலத்துக்குத் தாராளம். இதையும் முந்தைய நாளே அரைத்துவிடலாம். போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். புதிதாகப் போடுபவர்கள் இது தெரியாமல் அதே கோட்டின் மேல் இரண்டாம் முறை இழுப்பார்கள், காய்ந்ததும் பொருக்குப் பொருக்காகப் பெயரும். செம்மண் காவியை மாக்கோலம் காய்ந்த பின்தான் இட வேண்டும், ஈரத்தில் இட்டால் சிவப்பு வெள்ளைக்குள் ஓடும். மாவிலைத் தோரணத்துக்கு இலையைக் கழுவினால் துடைத்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கியவை காலையில் கருத்திருக்கும். நடு நடுவே வேப்பிலைக் கொத்து.

அடுப்பங்கரையில் அன்றைக்கு ஒரே ஒரு பண்டத்தில்தான் கை தேர வேண்டும், அது மாங்காய்ப் பச்சடி. வடையும் பாயசமும் எல்லாப் பண்டிகைக்கும் உள்ளவை. பச்சடியில் ஆறு சுவையும் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல வீடுகளில் அது இனிப்பு மாங்காய்க் கூழாக முடிகிறது, அல்லது வாயில் வைக்க முடியாத கசப்பாக.

ஐந்தாறு பேர் சாப்பிடும் இலைக்குக் கால் கிலோ எடையுள்ள மாங்காய் ஒன்று, பொடித்த வெல்லம் 150 கிராம், தண்ணீர் ஒரு டம்ளர், உப்பும் மஞ்சள்தூளும் கால் கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் இரண்டு, கடுகு அரைத் தேக்கரண்டி, உலர்ந்த வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி, நெய் ஒன்றரைத் தேக்கரண்டி. இந்த வெல்ல அளவு கிளிமூக்கு மாங்காய்க்கு. நாட்டு மாங்காய் புளிப்பு மிகுந்தது, 200 கிராம் வரை இழுக்கும். ஆகவே ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வெல்லம் அளப்பது நல்லது. தோலைச் சீவ வேண்டாம். துவர்ப்பு வருவது தோலிலிருந்தும் மஞ்சளிலிருந்தும்தான்; தோல் சீவிய பச்சடியில் துவர்ப்பு அவ்வளவாகத் தேறாது. கொட்டையை ஒட்டிய சதையையும் விடாமல் சீவிப் போட வேண்டும்.

துண்டுகளை உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தண்ணீரில் மூடி வேகவிட வேண்டும். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் உருக் குலையக் கூடாது. அதற்குப் பிறகுதான் வெல்லம். முன்னாடியே போட்டால் காய் இறுகிவிடும். அரை மணி வேகவைத்தாலும் நறுக்கென்றே இருக்கும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போடுபவர்களின் பச்சடி கெடுவது இதனால்தான். வெல்லத்தைத் தனியாகக் கொஞ்சம் நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும், மண் இல்லாத வெல்லம் அபூர்வம். சேர்த்த பின் ஏழெட்டு நிமிடம் கொதித்தால் பளபளப்பு வரும். கரண்டியிலிருந்து சற்றுத் தளர விழும்போதே இறக்கிவிட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும். சரியான பதம் என்று அடுப்பிலேயே நினைத்தால் இலையில் அல்வாவாகத்தான் விழும். நீர்த்துப் போயிருந்தால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடலாம். இரும்புச் சட்டியும் ஈயம் போன பித்தளையும் வேண்டாம். புளிப்பு பட்டு நிறமும் சுவையும் மாறும்.

முதலில் ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகும் கிள்ளிய மிளகாயும் தாளித்துக் கொட்ட வேண்டும். மிச்ச நெய்யைத் தனிக் கரண்டியில் காயவைத்து, தீயைச் சிறிதாக்கி, வேப்பம்பூவைப் போட்டுப் பொன்னிறத்துக்குச் சற்று மேலே சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். கருத்தால் வேப்பம்பூக் கசப்போடு கருகல் கசப்பும் சேரும், அதைத்தான் பலரும் வேப்பம்பூவின் குணம் என்று தவறாக நினைக்கிறார்கள். கடுகோடு சேர்த்துத் தாளித்தால், கடுகு வெடிக்கும் சூட்டில் பூ நொடியில் கருகும். வறுத்த பூவைப் பச்சடியில் கலந்து கொதிக்கவிடக் கூடாது. பரிமாறும் நேரத்தில் மேலே தூவினால் போதும். அப்படிச் செய்தால் இனிப்புக்கு நடுவில் ஒரு கடி கசப்பு தனியாகத் தெரியும். கலந்து கொதித்தால் சட்டி முழுக்க ஒரே கசப்பு.

வேப்பம்பூ ரசத்துக்கும் இதே விதி. பருப்பு நீர் சேர்க்காமல், நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, பச்சை வாசனை போகக் கொதித்த பின் தண்ணீர் விளாவி, நுரை கூடியதும் இறக்கிவிட்டு, நெய்யில் வறுத்த பூவைப் போட்டு மூடிவிட வேண்டும். நான்கு டம்ளர் ரசத்துக்கு ஒரு மேசைக்கரண்டி பூ. மதியம் வைத்த ரசத்தை இரவு சூடாக்குவதாக இருந்தால் பூவை வடித்துவிட்டுச் சூடாக்குங்கள்.

இலையில் முதலில் வைப்பதும் முதலில் சாப்பிடுவதும் பச்சடிதான். மற்றவை வீட்டு வழக்கப்படி.

ஈழத்தில் இந்த நாளின் முதல் காரியம் மருத்துநீர். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியவை சேர்த்துக் காய்ச்சிய நீர். கோயில்களில் வாங்கிக்கொள்ளலாம். வருடப் பிறப்பு நேரத்துக்கு முன் நான்கு மணி நேரமும் பின் நான்கு மணி நேரமும் விஷு புண்ணியகாலம். அதற்குள், பஞ்சாங்கம் சொன்ன இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து மருத்துநீர் தேய்த்து முழுக வேண்டும். ஆடை நிறமும், கைவிசேடம் (பெரியவர்கள் தரும் காசு) கொடுக்கும் நேரமும் பஞ்சாங்கத்திலேயே இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் உண்டு, இரண்டும் வெவ்வேறு நேரம் சொல்லும். இலையும் நிறமும்கூட மாறலாம். இதில் நேரத்தை ஒன்றிலும் நிறத்தை மற்றொன்றிலும் எடுத்துக்கொள்வது அர்த்தமில்லாத வேலை. குடும்பக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே முழுதாகப் பின்பற்ற வேண்டும்.

சாயங்காலம் பஞ்சாங்கம் படிப்பது. கோயிலில் படிப்பார்கள், வீட்டிலும் படிக்கலாம். வருடத்தின் பெயர், ராஜா, மந்திரி, எத்தனை மரக்கால் மழை, ராசிகளின் ஆதாய விரயம், நட்சத்திரங்களின் கந்தாயம். கந்தாயத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மூன்று எண் இருக்கும், ஒவ்வொன்றும் நான்கு மாதத்துக்கு. பூஜ்யம் வந்தவர்களின் முகம் வாடும். அனுபவமுள்ள பெரியவர்கள் அந்த இடத்தில் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், அதுவும் ஒரு கலைதான். பழைய முறைப் பஞ்சாங்கத்தில் திதி நாழிகையில் இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் 60 விநாழிகை; எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. 23-15 என்று போட்டிருந்தால் 23 நாழிகை 15 விநாழிகை, அதாவது 9 மணி 18 நிமிடம். உதயம் 6 மணி என்றால் பிற்பகல் 3.18 வரை அந்தத் திதி. நள்ளிரவிலிருந்து எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.

கேட்க வந்தவர்களுக்குப் பானகமும் நீர்மோரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், நான்கு ஏலக்காய், ஒரு எலுமிச்சை, துளி உப்பு. பச்சைக் கற்பூரம் கடுகளவுக்கு மேல் போனால் மருந்து வாடைதான். சித்திரை வெயிலில் காலையில் கரைத்த பானகம் மாலைக்குள் நுரைத்துப் புளிக்கும், படிக்கத் தொடங்கும் முன் கரைப்பதே சரி. வாசித்து முடிந்ததும் பழைய பஞ்சாங்கத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அந்த ஆண்டு வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதவும், இறந்தவர்களின் திதி பார்க்கவும் அது வேண்டியிருக்கும். அட்டையில் வருடத்தின் பெயரோடு ஆங்கில ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும். பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை.